ஆரோ: ஒரு பூச்சியும் ஒரு ரயில் பாதையும் வளர்த்துவிட்ட ஒயின் ஊர்

ஸ்பெயினுக்கு வடக்கால லா ரியோஹான்னு ஒரு மாகாணம், அதுல ஆரோன்னு ஒரு சின்ன ஊர். எழுதுறப்ப முன்னாடி ஒரு ஹெச் போடுவாங்க, ஆனா ஸ்பானிஷ்ல அந்த எழுத்துக்குச் சத்தமே கிடையாது, அதனால ஆரோதான். ஜனத்தொகை 12,000க்குள்ள. நம்ம கணக்குல ஒரு பெரிய கிராமம். ஆனா அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனைச் சுத்தி, நடந்தே போயிடற தூரத்துல, ஏழு பேர்போன ஒயின் கம்பெனிங்க ஒண்ணுக்கொண்ணு ஒட்டி நிக்குது. லோபஸ் தே எரேதியா ஆரம்பிச்சது 1877, குனே 1879, கோமஸ் குருசாதோ 1886, லா ரியோஹா ஆல்தா 1890, பில்பாயினாஸ் 1901. முகாவும் ரோதாவும் பின்னாடி வந்து சேர்ந்தது. நூறு வருஷம் தாண்டின ஒயின் கம்பெனிங்க இவ்வளவு நெருக்கமா உலகத்துல வேற எங்கயும் இல்லைன்னு அவங்க பெருமையா சொல்லிக்குவாங்க.

அந்த வருஷங்களை இன்னொரு தடவை பாருங்க. ரோமானியர் காலத்துலருந்து திராட்சை விளையற மண்ணு அது, ஆனா பழைய கம்பெனி அஞ்சும் ஒரு இருபத்தஞ்சு வருஷத்துக்குள்ள முளைச்சிருக்கு, அதுவும் மலையடிவாரத்துலயோ ஆத்தங்கரைத் தோட்டத்துலயோ இல்ல, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல. ஏன் அப்படிங்கறதுலதான் இந்த ஊரோட மொத்தக் கதையும் இருக்கு, எனக்கு இந்த ஊர் மேல ஆசை வந்ததே அந்தக் கேள்வியாலதான்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். வடக்குல கந்தாப்ரியா மலைத்தொடர் ஒரு சுவர் மாதிரி நிக்கும், தெற்குல தேமாந்தா மலை, அதோட உச்சி சான் லொரென்சோ 2,271 மீட்டர். ரெண்டுக்கும் நடுவுல எப்ரோ ஆறு ஓடுது. அந்த ஆறு மலையை வெட்டிக்கிட்டு ரியோஹாவுக்குள்ள நுழையற இடத்துக்குப் பேரு கோன்சாஸ் தே ஆரோ, அதாவது ஆரோ ஊர்க் கணவாய். ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை, நடுவுல ஆறு. அந்த வாசல்லயே ஆரோ உக்காந்திருக்கு. திரோன்னு ஒரு சின்ன ஆறு வந்து எப்ரோவுல கலக்கறதும் இங்கதான். அந்தத் திரோனுக்கு ஓஹான்னு ஒரு துணை ஆறு உண்டு. ஸ்பானிஷ்ல ஆறுன்னா ரியோ, ரியோ ஓஹாதான் ரியோஹான்னு ஆச்சுங்கறது ரொம்ப நாளா சொல்லிட்டு வர்ற ஒரு விளக்கம்.

திராட்சைக்கு இந்த இடம் ஏன் ஒத்து வருதுன்னா, வடக்குல அட்லாண்டிக் கடல் பக்கத்துலருந்து வர்ற மழையையும் குளிரையும் மலை பாதிக்கு மேல தடுத்துடும், ஆனா முழுசா தடுக்காது, கணவாய் வழியா கொஞ்சம் குளுகுளுன்னு காத்து வந்துக்கிட்டே இருக்கும். கிழக்கால போகப் போக மத்தியதரைக் கடலோட சூடு கூடிக்கிட்டே போகும். ஆரோ பக்கம் விளையற பழம் மெதுவா பழுக்கும், புளிப்பு போயிடாம நிக்கும், அந்தப் புளிப்பு இருந்தாத்தான் ஒயினை வருஷக்கணக்குல வச்சிருக்க முடியும். முக்கியமான ரகம் டெம்ப்ரானியோ. தெம்ப்ரானோன்னா சீக்கிரம்னு அர்த்தம், மத்த ரகத்தைவிட முன்னாடியே பழுத்துடறதால அந்தப் பேரு. அதுகூட கர்னாச்சா, கிராசியானோ, மசுவெலோ, வெள்ளைல வியூரா. வருங்காலத்துல இந்த ஊருக்குக் கிடைச்ச எல்லா அதிர்ஷ்டத்துக்கும் இந்த மண்ணும் காத்தும்தான் அஸ்திவாரம், ஆனா அது மட்டும் போதாது. மண்ணும் காத்தும் ஆயிரம் வருஷம் முன்னாடியும் இதேதான் இருந்துச்சு.

ஊரோட பழைய வரலாறை வேகமா சொல்லிடலாம். 1187ல எட்டாம் அல்ஃபோன்சோ ராஜா ஊருக்குச் சாசனம் குடுத்தாரு. இந்த ஊர்ப் பேரையே தன் குடும்பப் பேரா வச்சுக்கிட்ட லோபஸ் தே ஆரோ வம்சம் பக்கத்துல இருக்கற பிஸ்காயா நாட்டை ஆண்டுச்சு, அந்த வம்சத்துல வந்த அஞ்சாம் தியேகோ லோபஸ் தே ஆரோதான் 1300ல பில்பாவோ நகரத்தை உண்டாக்கினவரு. இதை மனசுல வச்சுக்கங்க, பில்பாவோ திரும்ப வரும். ஊர் மேட்டுல லா மோத்தாங்கிற இடத்துல யூதர்கள் குடியிருந்தாங்க. சாந்தோ தொமாஸ் சர்ச்சோட கல் வாசலை 16ஆம் நூற்றாண்டுல ஃபெலிபே பிகார்னிங்கிற பெரிய சிற்பி செஞ்சாரு, இன்னைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கலாம், அவ்வளவு வேலைப்பாடு.

அந்தக் காலத்து ஒயின் எப்படி இருந்துச்சுன்னா, குலையோட திராட்சையைக் கல் தொட்டியில போட்டு, கால்ல மிதிச்சு, நொதிக்க விட்டு, அடுத்த வருஷ வெயில் வர்றதுக்குள்ள குடிச்சுத் தீத்துடணும். இல்லன்னா புளிச்சுப் போயிடும். மீந்து போனதைக் கொட்டிட்டுத்தான் புது அறுவடைக்கு இடம் பண்ணுவாங்க. தூரத்துக்கும் அனுப்ப முடியாது, கழுதை முதுகுல தோல் பையில கட்டி மலை தாண்டறதுக்குள்ள பாதி கெட்டுப் போயிருக்கும்.

இதை மாத்த ஒருத்தர் முயற்சி பண்ணினாரு. ஆரோவுக்கு எதிர்க்கரையில இருக்கற லாபஸ்தீதா ஊர்ல பொறந்த மானுவேல் கிந்தானோன்னு ஒரு பாதிரியார், 1780கள்ல பிரான்ஸ்ல போர்தோவுக்குப் போய், அங்க காம்பைப் பிரிச்செடுக்கறது, ஓக் பீப்பாயில போட்டு வைக்கறது, அடியில தங்கற மண்டியை விட்டுட்டு வேற பீப்பாய்க்கு மாத்தறது எல்லாத்தையும் கத்துக்கிட்டு வந்தாரு. 1795ல அவரோட ஒயின் கப்பல்ல கியூபா வரைக்கும் கெடாம போய்ச் சேந்துச்சு. அத்தனை வெற்றி! ஆனா ஊர்ல இருந்த மத்த விவசாயிங்க ஒத்துக்கல. ஒயினுக்கெல்லாம் ஒரே விலைதான்னு ஊர்ச் சட்டம், பீப்பாய்க்கும் காத்திருக்கறதுக்கும் ஆன செலவைச் சேர்த்து விக்க அவரை விடல, வழக்கு மேல வழக்கு, கடைசில அந்த முறையே அப்படியே செத்துப்போச்சு. தொழில்நுட்பம் கையில வந்தும் ஊர் ஒத்துக்காததால ஒரு அறுபது எழுபது வருஷம் பின்னாடி போயிடுச்சுன்னு நினைக்கறப்ப எனக்கு மனசு ஆறல. அந்த விவசாயிங்க பக்கமும் ஒரு பயம் இருந்திருக்கும், பீப்பாய் வாங்க வழி இல்லாதவன் என்ன பண்ணுவான், அதையும் மறந்துடக் கூடாது.

இனி அந்தப் பூச்சி.

1850கள்ல பிரான்ஸ் திராட்சைக்குச் சாம்பல் நோய் வந்துச்சு, அப்பவே போர்தோ வியாபாரிங்க சரக்குத் தேடி ரியோஹா பக்கம் வர ஆரம்பிச்சுட்டாங்க. அது ஒரு முன்னோட்டம்தான். 1863 வாக்குல தெற்கு பிரான்ஸ்ல கார் (Gard) என்கிற மாவட்டத்துல கொடிங்க காரணமே தெரியாம காய ஆரம்பிச்சுது. 1868லதான் வேரைத் தோண்டிப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க, கண்ணுக்குச் சரியா தெரியாத ஒரு மஞ்சள் பூச்சி, ஃபிலாக்ஸெரா. அமெரிக்காவுலருந்து கொண்டுவந்த செடிங்களோட சேந்து வந்தது. அது வேர்ல உக்காந்து சாறை உறிஞ்சும், வேர்ல முண்டு முண்டா வீங்கும், அந்தப் புண்ணு வழியா அழுகல் உள்ள போகும், ரெண்டு மூணு வருஷத்துல கொடி செத்துரும். அமெரிக்கக் கொடிங்களோட வேர் இதைத் தாங்கிக்கும், ஐரோப்பியக் கொடிக்கு அந்தத் தெம்பு கிடையாது. 1875ல பிரான்ஸ்ல 8 கோடியே 45 லட்சம் ஹெக்டோலிட்டர் (ஒண்ணு நூறு லிட்டர்) ஒயின், 1889ல வெறும் 2 கோடியே 34 லட்சம். முக்கால்வாசி காணோம். போர்தோ வியாபாரிங்களுக்கு வாடிக்கையாளர் இருக்காங்க, கப்பல் இருக்கு, பேரு இருக்கு, பாட்டில்ல ஊத்த ஒயின் மட்டும் இல்ல.

அதே 1863லதான் துதேலாவுலருந்து பில்பாவோ போற ரயில் பாதை ஓட ஆரம்பிச்சுது, எப்ரோ கரையோரமா வந்து ஆரோவைத் தொட்டுட்டு கணவாய் வழியா மிராந்தா தே எப்ரோ போய் அங்கேருந்து பில்பாவோ துறைமுகம். பீப்பாயை ஆரோ ஸ்டேஷன்ல ஏத்தினா கடல்ல போய் இறங்கும், அங்கேருந்து கப்பல்ல போர்தோ. கழுதை முதுகு, தோல் பை எல்லாம் முடிஞ்சுது. ரியோஹாவுல எத்தனையோ ஊர் நல்ல திராட்சை விளைவிக்குது, லாகுவார்தியாவும் பிரியோனெஸும் சான் விசெந்தேவும் ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஆனா பிரெஞ்சு வியாபாரிங்க வந்து கடை போட்டது ஆரோ ஸ்டேஷன்ல. ரியோஹாவுக்குள்ள ஏத்தற பீப்பாய்க்குக் கடலுக்குப் போற வழியில கடைசி வாசல் இதுதான். திரோன் ஆத்துக்கு இந்தப் பக்கம் பழைய ஊர், பாலம் தாண்டினா அந்தப் பக்கம் ஸ்டேஷன், சுத்தி காலி நிலம். அந்த நிலத்துலதான் கிடங்கு கிடங்கா எழும்புச்சு. அந்தப் பகுதிக்கே ஸ்டேஷன் பேட்டைன்னுதான் பேரு, பார்ரியோ தே லா எஸ்தாசியோன். சில கம்பெனிக்கு அவங்க பீப்பாயை ஏத்தறதுக்குன்னே ரயில் பாதையை ஒட்டி மேடை இருந்துச்சு.

பிரெஞ்சுக்காரங்க வாங்கறதோட நிக்கல, தங்களுக்கு வேணுங்கற மாதிரி செய்யவும் சொல்லிக்குடுத்தாங்க. கிந்தானோ காலத்துல வேண்டாம்னு விரட்டின அதே முறைதான், இப்ப காசோட வந்ததால எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க. 225 லிட்டர் போர்தோ பீப்பாய்தான் இன்னைக்கும் ரியோஹாவோட அளவு. குனேவை ஆரம்பிச்ச ரெயால் தே அசுவா சகோதரர்கள் பில்பாவோக்காரங்க, அதுல அண்ணன் தம்பியில ஒருத்தர் எவுசெபியோ, மூச்சுக் கோளாறுக்கு வறண்ட காத்து வேணும்னு ஆரோ வந்தவரு, வந்த இடத்துல தொழில் ஆரம்பிச்சுட்டாரு. லோபஸ் தே எரேதியாவை ஆரம்பிச்ச ரஃபேல் சிலி நாட்டுல பொறந்தவரு. லா ரியோஹா ஆல்தா அஞ்சு குடும்பம் சேந்து போட்டது, அதோட முதல் தலைவர் ஒரு பெண், தோன்யா சதுர்னினா கார்சியா சித். 1890ல ஒரு கம்பெனிக்குப் பெண் தலைவர், யோசிச்சுப் பாருங்க. பணம் பெரும்பாலும் வந்தது பில்பாவோ பக்கத்துலருந்து, இரும்புச் சுரங்கத்துலயும் கப்பல்லயும் சம்பாதிச்ச பணம். ஆரோ வம்சத்துக்காரர் உண்டாக்கின நகரம் ஐந்நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு ஆரோவுக்குத் திருப்பிக் குடுத்துச்சுன்னு எனக்குத் தோணும்.

அந்தப் பணம் ஊரை எப்படி மாத்திச்சுன்னா, 1890ல தெருவுக்கு மின்விளக்கு வந்துருச்சு, ஸ்பெயின்லயே ரொம்ப முன்னாடி கரண்ட் விளக்கு போட்ட ஊர்கள்ல ஆரோ ஒண்ணு. பெரிய பெரிய நகரங்க காஸ் விளக்குல இருந்த காலம். ராத்திரி வண்டியில வர்றவங்க தூரத்துலயே வெளிச்சத்தைப் பாத்துட்டு "ஆரோ வந்தாச்சு, விளக்கு தெரியுது"ன்னு சொல்வாங்களாம், அது ஸ்பானிஷ்ல ஒரு சொலவடையாவே நின்னுடுச்சு. 1891ல ராணி மரியா கிறிஸ்தினா ஊருக்கு நகரம்ங்கிற பட்டம் குடுத்தாங்க. மாகாணத் தலைநகரா இல்லாத இந்தச் சின்ன ஊருக்கு ஸ்பெயின் வங்கி கிளை திறந்துச்சு. 1892ல அரசாங்கம் ஒயின் ஆராய்ச்சி நிலையம் வச்சுது, அது இன்னைக்கும் நடக்குது.

1892ங்கிறது விழ ஆரம்பிச்ச வருஷமும்கூட. 1882ல பிரான்ஸ் ஸ்பானிஷ் ஒயினுக்கு வரியைக் குறைச்சு ஒப்பந்தம் போட்டிருந்துச்சு, பத்து வருஷத்துல அது முடிஞ்சது, அதுக்குள்ள பிரான்ஸ்ல தோட்டம் எல்லாம் மறுபடி எழுந்திரிச்சாச்சு, அல்ஜீரியாவுலருந்தும் ஒயின் வருது, வரியை ஏத்திட்டாங்க. வாங்கறவன் கதவைச் சாத்திட்டான். விலை விழுந்துச்சு, விவசாயி கடன்ல மாட்டினான். அடுத்த அடி 1899ல. ஆரோவுக்குப் பக்கத்துலயே இருக்கற சஹசார்ரா கிராமத்துல ஃபிலாக்ஸெரா. எந்தப் பூச்சி இந்த ஊரை வளத்துவிட்டுச்சோ அதே பூச்சி. கொஞ்ச வருஷத்துல ரியோஹா தோட்டம் பெரும்பகுதி போச்சு. சின்னச் சின்ன விவசாயக் குடும்பங்க நிலத்தை விட்டுட்டு தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினாங்க.

தீர்வு அதுக்கு முன்னாடியே பிரான்ஸ்ல கண்டுபிடிச்சாச்சு, நம்ம மாங்கன்னுக்கு ஒட்டுக்கட்டுற மாதிரிதான், கீழ அமெரிக்கக் கொடியோட வேர், மேல டெம்ப்ரானியோ. இன்னைக்கு ரியோஹாவுல நிக்கற கொடி கிட்டத்தட்ட எல்லாமே அப்படி ஒட்டுதான். ஆனா ஒரு தோட்டத்தைப் பூராவும் பிடுங்கிட்டு ஒட்டுச்செடி நடணும்னா பணம் வேணும், காய்க்கறதுக்கு மூணு நாலு வருஷம் காத்திருக்க வயித்துக்கு வேணும். அந்த ரெண்டும் இருந்தது ஸ்டேஷன் பேட்டை கம்பெனிங்ககிட்ட. அதனாலதான் அதுங்க தப்பிச்சுது, சின்னவங்க அழிஞ்சாங்க. லோபஸ் தே எரேதியா எப்ரோ ஆறு வளைஞ்சு போற ஒரு கரையில தொந்தோனியாங்கிற தோட்டத்தை 1913, 1914ல நட்டது இந்த மறுநடவுக் காலத்துலதான். சுமார் 100 ஹெக்டேர், இன்னைக்கு அந்தப் பேரை ஒயின் தெரிஞ்ச யார்கிட்ட சொன்னாலும் குரல் மாறும்.

பிரெஞ்சு வியாபாரி போன பிறகு பீப்பாய் பீப்பாயா ஒயினைக் கைமாத்தி விட்டுட முடியாது, சொந்தப் பேருல பாட்டில்ல அடைச்சு விக்கணும், அதுக்குப் பேரைக் காப்பாத்தணும். 1925ல ரியோஹாங்கிற பேருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துச்சு, அடுத்த வருஷம் ஒழுங்குமுறைக் குழு, 1991ல ஸ்பெயின்லயே முதல் தடவையா காலிஃபிகாதாங்கிற உயர்ந்த தகுதி. இந்த ஊர்க்காரங்க பேச்சுல அடிக்கடி வர்ற வார்த்தைங்க மூணு. கிரியான்சான்னா சிவப்பு ஒயின் ரெண்டு வருஷம் வயசு, அதுல ஒரு வருஷம் பீப்பாயில. ரெசெர்வா மூணு வருஷம், அதுலயும் ஒரு வருஷமாவது பீப்பாய். கிரான் ரெசெர்வா அஞ்சு வருஷம், குறைஞ்சது ரெண்டு பீப்பாயில, ரெண்டு பாட்டில்ல. இது குறைஞ்ச அளவுதான். லோபஸ் தே எரேதியா சில ஒயினைப் பத்து வருஷம் தாண்டித்தான் வெளிய விடும். மத்த நாட்டுல ஒயினை வாங்கிட்டுப் போய் நீங்கதான் வீட்டு நிலவறையில வச்சுக் காத்திருக்கணும், ஆரோவுல அந்தக் காத்திருப்பை அவங்களே செஞ்சு முடிச்சுட்டுத் தர்றாங்க, இதைவிட மரியாதையான வியாபாரம் எனக்குத் தெரியல.

உள்ள வேலை நடக்கற விதம் இன்னும் பழசுதான் சில இடத்துல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு பீப்பாயிலருந்து இன்னொண்ணுக்கு ஒயினை மெல்ல இறக்குவாங்க, வர்றது தெளிவா இருக்கா மண்டி கலங்குதான்னு மெழுகுவர்த்தி வெளிச்சத்துல கண்ணாடிக் குவளையைப் பிடிச்சுப் பாப்பாங்க. முகாவுல ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு. முகாவும் லோபஸ் தே எரேதியாவும் பீப்பாயையே சொந்தமா செய்யறாங்க, ஆசாரிங்க சம்பளத்துல இருக்காங்க, நெருப்பு மேல வச்சுப் பலகையை வளைக்கறதை இன்னைக்கும் பாக்கலாம். லோபஸ் தே எரேதியா நிலவறையில சிலந்தி வலையைத் தொட விடமாட்டாங்க, தக்கையைத் துளைக்கற அந்துப்பூச்சியை சிலந்தி பிடிச்சுத் தின்னுடும்னு விட்டு வச்சிருக்காங்க. அதே கம்பெனி வாசல்ல 2006ல சஹா ஹதீத்ங்கிற கட்டடக் கலைஞர் கட்டின கடை பளபளன்னு நிக்கும், அதுக்குள்ள 1910 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு மரத்துல செஞ்ச பழைய கடையை வச்சிருக்காங்க. பக்கத்துல குனேவுல, பாரிஸ் கோபுரம் கட்டின ஐஃபெல் பட்டறையோடதுன்னு சொல்ற ஒரு கூடம், நடுவுல ஒரு தூண்கூட இல்லாம கூரை நிக்கும், பீப்பாய் உருட்ட இடைஞ்சல் இல்லாம.

பாலம் தாண்டிப் பழைய ஊருக்கு வந்தா பிளாசா தே லா பாஸ் சதுக்கம், அதுலருந்து மேல சாந்தோ தொமாஸ் சர்ச் வரைக்கும் போய் வளைஞ்சு திரும்பற சந்துங்களுக்கு லா எர்ராதூரா, குதிரை லாடம்னு பேரு. சாயங்காலம் பார் பாரா ஒரு கிளாஸ், ஒரு சின்னத் தட்டுன்னு சுத்தறது அங்கதான். சாப்பாட்டுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஆட்டுக்குட்டி விலா. குளிர்காலத்துல கொடியைக் கவாத்து பண்றப்ப விழற குச்சியைக் கட்டுக் கட்டா காய வச்சு, அந்த நெருப்புல சுடுவாங்க, குச்சியெல்லாம் எரிஞ்சு தணல் ஆனதும் சட்டுனு கம்பி வலையில வச்சு எடுத்துடணும். தோட்டத்துல எதுவும் வீணாப் போறதில்ல.

ஜூன் 29, சான் பெத்ரோ நாள், ஆரோவை உலகம் பாக்கற நாள். விடியக்காலையிலயே ஆயிரக்கணக்கான பேர் வெள்ளைச் சட்டை, கழுத்துல சிவப்புத் துணியோட ஊர் தாண்டி பிலிபியோ பாறைக்கு ஏறுவாங்க, ஊர்க் கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் குதிரையில முன்னாடி போவாரு. மேல சான் ஃபெலிசெஸ் கோயில், ஆறாம் நூற்றாண்டுல அங்க தவம் இருந்த துறவி. பூசை முடிஞ்சதும் ஒயின் சண்டை, வாளி, தோல் பை, மருந்தடிக்கற ஸ்ப்ரேயர்னு கையில கிடைச்சதுல ஒயினை ரொப்பி ஒருத்தர் மேல ஒருத்தர் ஊத்திக்குவாங்க, மத்தியானத்துக்குள்ள எல்லாச் சட்டையும் கத்திரிப்பூ நிறம். இதுக்குப் பின்னாடி பக்கத்து ஊர் மிராந்தா தே எப்ரோவோட எல்லைத் தகராறு இருக்குன்னு சொல்லிட்டு வர்றாங்க, வருஷா வருஷம் போய்க் கொடி நட்டு எங்க எல்லைன்னு காட்டலைன்னா பாறை அவங்களுக்குப் போயிடும்னு ஒரு தீர்ப்பாம். எல்லையைக் காக்கப் போனது, யாத்திரையா ஆகி, விளையாட்டா ஆகியிருக்கு.

அந்த சான் ஃபெலிசெஸோட சீடர்தான் சான் மில்யான். அவர் பேர்ல இருக்கற சூசோ, யூசோ மடங்கள் ஆரோவுக்குத் தெற்கால மலை ஓரத்துல, 1997லருந்து யுனெஸ்கோ பட்டியல்ல. அந்த மடத்து லத்தீன் சுவடி ஒண்ணுல ஓரத்துல யாரோ ஒரு துறவி புரியாத வார்த்தைக்குத் தன் பேச்சு மொழியில அர்த்தம் கிறுக்கி வச்சாரு, ஸ்பானிஷ் எழுத்து வடிவத்துக்கு ரொம்பப் பழைய சாட்சிகள்ல அது ஒண்ணு, ரெண்டு குறிப்பு பாஸ்க் மொழியிலயும் இருக்கு. வடக்கால எப்ரோவைத் தாண்டினா பாஸ்க் நாட்டோட ஆலவா, ரியோஹா ஒயின் வட்டாரம் மாகாண எல்லை தாண்டி அங்கயும் உண்டு, குன்று மேல மதில் சூழ்ந்த லாகுவார்தியா, வீடுகளுக்கு அடியில இருநூறுக்கும் மேல ஒயின் நிலவறை தோண்டி இருக்கறதால ஊருக்குள்ள வண்டியே விடறதில்ல. எல்சியேகோவுல மார்கெஸ் தே ரிஸ்கல் கம்பெனிக்கு ஃபிராங்க் கெரிங்கிற கட்டடக் கலைஞர் 2006ல கட்டின ஓட்டல், ரிப்பன் சுருட்டி வச்ச மாதிரி. வயக்காட்டுப் பாறையில அந்தக் காலத்துல குடைஞ்ச மிதி தொட்டிங்களும் அங்கங்க இருக்கு, நான் அந்த ஓட்டலைவிட அந்தத் தொட்டியத்தான் முதல்ல பாக்கச் சொல்வேன்.

இப்ப பிரச்சினை வேற. உலகத்துல சிவப்பு ஒயின் குடிக்கறது குறையுது, ரியோஹாவுல கிடங்குல சரக்கு தேங்குது, 2023ல மீந்த ஒயினைக் காய்ச்சி வடிக்கவும், காயிலயே குலையை வெட்டிப் போடவும் உதவிப் பணம் குடுத்தாங்க. பீப்பாயில எத்தனை வருஷம் இருந்துச்சுங்கறதை மட்டும் லேபிள்ல சொன்னாப் போதுமா, எந்த ஊர் மண்ணு, எந்தத் தோட்டம்னு சொல்ல வேண்டாமாங்கறது இன்னொரு சண்டை. லாகுவார்தியாவுல இருக்கற ஆர்தாதி கம்பெனி 2015 கடைசியில ரியோஹாங்கிற பேரையே வேண்டாம்னு வெளிய போனது அதனாலதான், 2017ல தனித் தோட்டத்துக்குன்னு ஒரு புதுத் தகுதி கொண்டுவர வேண்டி வந்துச்சு. ஸ்டேஷன் பேட்டைக் கம்பெனிங்க பல ஊர்ப் பழத்தைக் கலந்து செஞ்சு பேர் வாங்கினவங்க, விவசாயி பேரு லேபிள்ல வராத முறை அது. கிலோவுக்கு என்ன விலைன்னு வருஷா வருஷம் கம்பெனி சொல்றதைக் கேட்டுக்கிட்டு நிக்கற சின்ன விவசாயிக்குத் தன் ஊர்ப் பேரு வெளிய தெரியறது பெரிய விஷயம், அந்த விஷயத்துல நான் அவங்க பக்கம்தான்.

ஸ்டேஷன் அங்கேயேதான் இருக்கு. ஒயின் இப்ப லாரியில போகுது. பீப்பாய் ஏத்தின மேடையை ஒட்டி இன்னும் ரயில் போகுது, பில்பாவோ பக்கம் போறது கணவாய்க்குள்ள நுழையறப்ப ஜன்னல் வழியா பிலிபியோ பாறையும் ஆத்தோரக் கொடி வரிசையும் கொஞ்ச நேரம் தெரியும்.